உலகம் அழியும் என்று மிரட்டும் ஆவணப்படங்கள்: பயப்படாமல் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இருண்ட வானம், இடி முழக்கம், பழுப்பேறிய ஏட்டின் மீது மெழுகுவர்த்தி வெளிச்சம், அடித்தொண்டையிலிருந்து வரும் ஒரு குரல். பத்து நிமிடத்துக்குள் ஒரு தேதி சொல்லப்பட்டுவிடும். அந்தத் தேதியில் உலகம் அழியும். அல்லது, வழக்கறிஞரைக் கலந்து எழுதியதுபோல, 'அழியக்கூடும்'. தொலைக்காட்சியில் வளர்ந்த இந்த வகை ஆவணப்படங்கள் இன்று யூடியூபில் கொடிகட்டிப் பறக்கின்றன. பார்ப்பதில் தவறொன்றும் இல்லை. படம் முடிந்த பிறகும் அந்தத் தேதி மனத்தை விட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டால்தான் சிக்கல்.

கீழே உள்ள படிகள் எல்லாம் ஒரே கேள்வியைப் பல பக்கங்களிலிருந்து கேட்பவைதான்: நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே, எழுத்தில், வேறு பொருள் கொள்ள இடமில்லாதபடி இது சொல்லப்பட்டிருந்ததா? தீர்க்கதரிசனம் என்று திரையில் வருபவற்றில் இந்த மூன்றையும் ஒருசேரத் தாண்டியது எதையும் நான் பார்த்ததில்லை. ஒன்றைத் தாண்டினால் இன்னொன்றில் தடுக்கி விழும்.

படி 1: தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்

தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 'சொன்னது', வலப்பக்கம் 'கேட்டது'. பின்னணிக் குரல் பேசும் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த இரண்டில் ஒன்றில் போடுங்கள். முழுப் படத்துக்கும் வேண்டாம், கால் மணி நேரம் செய்தால் போதும்.

இத்தகைய படங்களின் நடை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "அந்தப் பழங்காலப் பூசாரிகளுக்கு நம் காலத்தின் அழிவு முன்பே தெரிந்திருந்ததா? சில ஆய்வாளர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியுமா? அப்படியானால், நமக்கு மிச்சமிருக்கும் காலம் எவ்வளவு?"

நான்கு வாக்கியங்கள். மூன்று கேள்விகள். மீதமுள்ள ஒன்று, பெயரில்லாத யாரோ எதையோ நம்புகிறார்கள் என்கிறது. இடப்பக்கத்தில் எழுத ஒன்றுமே இல்லை. ஆனால் நான்காவது வாக்கியத்தின் முதல் சொல்லைப் பாருங்கள்: 'அப்படியானால்'. முதல் வாக்கியத்தில் சந்தேகமாகக் கேட்கப்பட்டது, மூன்றே வாக்கியங்களில் நிரூபணமான உண்மையாகிவிட்டது. இடையில் சான்று எதுவும் வரவில்லை. கேட்பவர் மனத்தில் மட்டும் வந்துவிட்டதுபோல ஓர் எண்ணம் நிற்கிறது. இந்தக் கைவரிசையை ஒருமுறை தாளில் பிடித்துவிட்டால், பிறகு தாள் இல்லாமலேயே காதில் விழத் தொடங்கும்.

படி 2: ஒலியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள்

இசையையும் குரலையும் எடுத்துவிட்டால் திரையில் மிஞ்சுவது என்ன? நடிகர்கள் வேடம் கட்டி ஆடும் காட்சிகள், எங்கோ எப்போதோ நடந்த வெள்ளத்தின் பழைய படச்சுருள், நகரம் இடிந்து விழும் கிராபிக்ஸ். பேசப்படும் ஆவணத்தின் பக்கம் எத்தனை வினாடி காட்டப்படுகிறது, அதைப் படிக்க முடிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். இதற்குமேல் இந்தப் படியில் ஒன்றும் இல்லை.

படி 3: பேசுபவர் யார் என்று தேடுங்கள்

பெயருக்குக் கீழே 'ஆய்வாளர்', 'எழுத்தாளர்' என்று மட்டும் போட்டிருந்தால், எந்தத் துறையில் என்று கேளுங்கள். தீர்க்கதரிசன நூல்களை எழுதி விற்பவர் அந்தத் தீர்க்கதரிசனத்துக்குச் சாட்சியாக வருவது இந்த உலகத்தில் சர்வ சாதாரணம்.

உண்மையான விஞ்ஞானி தோன்றினாலும் அவர் அந்தப் படத்தின் கருத்தை ஏற்கிறார் என்று பொருள் இல்லை. 2014-இல், பூமியே பிரபஞ்சத்தின் மையம் என்று வாதிடும் ஓர் ஆவணப்படம் வந்தது. இயற்பியலாளர் லாரன்ஸ் கிராஸ் அதில் தோன்றுகிறார். தான் எப்படி அதில் இடம்பெற்றேன் என்றே தெரியவில்லை என்று அவர் பிற்பாடு எழுதினார். பின்னணிக் குரல் கொடுத்த நடிகை கேட் மல்குரூவும், தனக்குத் தவறான தகவல் தரப்பட்டது என்று அறிவித்தார். ஒரு மணி நேரப் பேட்டியிலிருந்து எட்டு வினாடியை வெட்டி எடுத்தால் யாரையும் எதையும் சொல்ல வைக்கலாம்.

இதைவிட மோசமானதும் உண்டு. 2012-இல் ஓர் அமெரிக்கக் கேபிள் சேனல் கடற்கன்னிகள் பற்றி ஆவணப்பட வடிவில் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. அதில் விஞ்ஞானிகளாகப் பேசியவர்கள் நடிகர்கள். பார்த்தவர்களில் பலர் அதை உண்மை என்றே நம்பிவிட்டார்கள். அமெரிக்க அரசின் கடல்சார் ஆய்வு அமைப்பு, கடல்மனிதர்கள் இருப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. ஆகவே படத்தின் இறுதியில் ஓடும் பொடி எழுத்துகளை நிறுத்திப் படிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். 'சில பகுதிகள் கற்பனை' என்ற வரி எங்காவது இருந்தால், அது அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படி 4: மூல ஆவணம் எங்கே, எந்த ஆண்டு?

மற்ற எல்லாப் படிகளையும் விட்டுவிட்டு இந்த ஒன்றை மட்டும் செய்தாலும் போதும். தீர்க்கதரிசி வாழ்ந்த ஆண்டைக் கேட்காதீர்கள். அந்த வாசகம் முதன்முதலில் அச்சிலோ கையெழுத்திலோ கண்ணில்பட்ட ஆண்டைக் கேளுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் முழு வித்தையும் நடக்கிறது.

'போப்பாண்டவர்களின் தீர்க்கதரிசனம்' என்று அடிக்கடி திரையில் வரும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அயர்லாந்தின் அர்மா நகர ஆயர் மலாக்கி 1148-இல் இறந்தவர். அவர் காலத்திலிருந்து உலக முடிவு வரை வரப்போகும் 112 போப்புகளை, ஒவ்வொருவருக்கும் ஒரு குறுகிய லத்தீன் தொடராக அவர் எழுதி வைத்தார் என்பது கதை. பட்டியலின் கடைசிப் பெயர் 'ரோமன் பேதுரு'. அவர் காலத்தில் ஏழு குன்றுகளின் நகரமான ரோம் அழியும், தீர்ப்பு நாள் வரும்.

பட்டியல் முதன்முதலில் அச்சானது 1595-இல், வெனிசில், ஒரு துறவி எழுதிய நூலில். மலாக்கி இறந்து 447 ஆண்டுகள் கழித்து. மலாக்கியின் நண்பரும் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான பெர்னார்டு இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இப்போது தொடர்களைப் படித்துப் பாருங்கள். பட்டியலின் முதல் போப்பான இரண்டாம் செலஸ்டினுக்கு 'திபேர் நதிக்கரைக் கோட்டையிலிருந்து' என்று இருக்கிறது; அவர் பிறந்தது திபேர் கரையிலுள்ள சித்தா தி காஸ்தெல்லோ. அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஊர்ப் பெயர், குடும்பச் சின்னம், முன்பு வகித்த பதவி என்று 1590 வரை இந்தப் பொருத்தம் தொடர்கிறது. அதற்குப் பிறகு திடீரென்று தொடர்கள் மங்கிப்போகின்றன. இரண்டாம் ஜான் பாலுக்கு 'சூரியனின் உழைப்பு'. அவர் பிறந்த நாளிலும் அடக்கம் செய்யப்பட்ட நாளிலும் பூமியில் எங்கோ சூரிய கிரகணம் இருந்தது என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. 1590 வரை கண்பார்வை கூர்மையாக இருந்த தீர்க்கதரிசிக்கு அதன்பின் ஏன் புரை விழுந்தது? பட்டியலை எழுதியவர் அந்தச் சமயத்தில் வாழ்ந்தவர் என்பதைத் தவிர வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எண்ணிக்கைப்படி கடைசி இடம் போப் பிரான்சிஸுக்கு வந்தது. அவர் பெயர் பேதுரு அல்ல, அவர் பிறந்தது ரோமில் அல்ல, புவனோஸ் அயர்ஸில். அதற்கும் ஆள் இருந்தார்கள்: அவர் யாருடைய பெயரைச் சூட்டிக்கொண்டாரோ, அந்தப் புனிதர் அசிசியின் பிரான்சிஸுடைய தந்தையின் பெயர் பேதுருதானே என்றார்கள். 2025 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் காலமானார். மே 8 அன்று பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்பட்டார். பட்டியல் தீர்ந்துவிட்டது. ரோம் இருக்கிறது.

பல்கேரியாவில் குறி சொல்லிவந்த பாபா வாங்கா என்ற பெண்மணியின் விஷயம் இன்னும் எளிது. 1996-இல் காலமான அவர் தம் கைப்பட எழுதிய தீர்க்கதரிசன நூல் எதுவும் கிடையாது. ஆண்டுதோறும் டிசம்பரில் 'வரும் ஆண்டுக்கு பாபா வாங்கா சொன்னவை' என்று வெளிவரும் பட்டியலுக்கு மூலப்பிரதி கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான்.

2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்ட பிறகு, பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஜோதிடர் நாஸ்ட்ரடாமஸ் எழுதியதாக மின்னஞ்சலில் பரவிய செய்யுளும் இந்த ரகமே. 'இரட்டைச் சகோதரர்கள் பிளக்கப்படுவர்' என்ற அந்த வரிகள் ஒரு கனடிய மாணவர் 1990-களில் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தவை. தெளிவில்லாமல் எழுதினால் எதற்கும் பொருந்தும் என்று நிரூபிக்க அவரே கட்டிய வரிகள் அவை! பரவிய மின்னஞ்சலில் 'நாஸ்ட்ரடாமஸ், 1654' என்று வேறு கையெழுத்து இருந்தது. நாஸ்ட்ரடாமஸ் இறந்தது 1566-இல். அதைக்கூட யாரும் பார்க்கவில்லை.

படி 5: அதே வரியை வேறு நிகழ்ச்சிக்குப் பொருத்துங்கள்

ஆவணம் உண்மையிலேயே பழையது என்று வைத்துக்கொள்வோம். நாஸ்ட்ரடாமஸின் செய்யுள்கள் 1555-இலிருந்து அச்சில் இருப்பவை, அதில் ஐயமில்லை. இப்போது பார்க்க வேண்டியது, வரி எவ்வளவு நெகிழ்கிறது என்பதை. திரையில் வரும் விளக்கத்தை மறைத்துவிட்டு, அந்த நான்கு அடிகளுக்கு நீங்களே மூன்று வரலாற்று நிகழ்ச்சிகளைப் பொருத்திப் பாருங்கள். மூன்றும் பொருந்தினால், அது எதையும் முன்னறிவிக்கவில்லை.

அவருடைய 'ஹிஸ்டர்' என்பது ஹிட்லரைக் குறிக்கிறது என்று படங்கள் சொல்லும். அது டான்யூப் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கு லத்தீனில் வழங்கிய பெயர். அந்தச் செய்யுளின் முதல் அடியிலேயே பசியால் வெறிகொண்ட விலங்குகள் ஆறுகளைக் கடக்கின்றன. முதல் அடியைப் படங்கள் காட்டுவதில்லை. அவர் ஆண்டு குறித்துத் தெளிவாகச் சொன்ன மிகச் சில இடங்களில் ஒன்று, 1999-ஆம் ஆண்டு ஏழாம் மாதம் வானிலிருந்து பயங்கரத்தின் மாமன்னன் வருவான் என்பது. ஒருவரும் வரவில்லை. இதையும் இப்போதெல்லாம் படங்கள் காட்டுவதில்லை.

இந்தப் பொருத்தும் விளையாட்டை அதன் எல்லைக்கே கொண்டுபோனவர் ஆஸ்திரேலியக் கணிதவியலாளர் பிரெண்டன் மெக்கே. பைபிளின் எபிரேய எழுத்துகளைக் குறிப்பிட்ட இடைவெளி விட்டு எடுத்தால் கொலைகளும் பேரழிவுகளும் தெரியும் என்று 1997-இல் ஒரு நூல் பரபரப்பை உண்டாக்கியது. ஒரு பிரதமரின் கொலையை 'மோபி டிக்' நாவலில் கண்டுபிடித்துக் காட்டட்டும், அப்போது என் விமர்சகர்களை நம்புகிறேன் என்றார் அதன் ஆசிரியர். மெக்கே கண்டுபிடித்துக் காட்டினார். திமிங்கில வேட்டை பற்றிய அந்த ஆங்கில நாவலில் இந்திரா காந்தி, லிங்கன், கென்னடி, மார்ட்டின் லூதர் கிங் ஆகியோரின் கொலைகள் எல்லாம் கிடைத்தன. எழுத்துகள் போதுமான அளவு இருந்து, எப்படித் தேடுவது என்பதில் கட்டுப்பாடும் இல்லாவிட்டால், எதுவும் கிடைக்கும்.

படி 6: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கோள்கள் வரிசையாக நிற்கும், ஈர்ப்பு விசை பூமியைக் கிழிக்கும் என்று ஒரு படம் சொன்னால், கைபேசியின் கால்குலேட்டரே போதும். பூமியை இழுத்து நீட்டும் ஓத விசை, இழுக்கும் பொருளின் நிறைக்கு ஏற்பக் கூடும். தூரத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறையும். நமக்கு மிக அருகில் வரும் கோள் வெள்ளி. அதன் நிறை சந்திரனைப்போலச் சுமார் 66 மடங்கு. மிக நெருங்கி வரும்போதும் அது சந்திரனைவிட ஏறக்குறைய 100 மடங்கு தொலைவில் இருக்கிறது. 100-இன் மும்மடி 10 லட்சம். ஆகவே வெள்ளியின் ஓத விசை சந்திரனுடையதில் 10 லட்சத்தில் 66 பங்கு. பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சந்திரன் தினமும் தலைக்கு மேல் போகிறது, பூமி கிழியவில்லை.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் எரிமலை வெடிக்க 'காலம் கடந்துவிட்டது' என்பது இன்னொரு நிரந்தர வசனம். அங்கே மாபெரும் வெடிப்புகள் சுமார் 21 லட்சம், 13 லட்சம், 6.4 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு நடந்தன. இடைவெளிகளின் சராசரி சுமார் 7.3 லட்சம் ஆண்டுகள். கடைசி வெடிப்புக்குப் பிறகு கடந்திருப்பது 6.4 லட்சம். எரிமலைகள் கால அட்டவணைப்படி வெடிப்பவை அல்ல. அட்டவணையையே ஒப்புக்கொண்டாலும் இன்னும் 90,000 ஆண்டுகள் மிச்சமிருக்கின்றன.

மத்திய அமெரிக்காவின் பழைய மாயன் நாட்காட்டி 2012-இல் முடிகிறது, அதோடு உலகமும் முடியும் என்ற பேச்சுக்கும் ஒரு பெருக்கல் போதும். 1,44,000 நாள் கொண்டது ஒரு பக்தூன். 13 பக்தூன்கள் 18,72,000 நாட்கள். அந்தச் சுற்று 2012 டிசம்பர் 21 அன்று நிறைவடைந்தது. மறுநாள் அடுத்த நாள் தொடங்கியது, அவ்வளவுதான். மெக்சிகோவின் பலென்கே கல்வெட்டு ஒன்று நம் கணக்கில் கி.பி. 4772-இல் வரும் ஒரு நாளைக் குறிப்பிடுகிறது. 2012-இல் உலகம் முடியும் என்று நினைத்தவர்கள் அதைச் செதுக்கியிருக்கமாட்டார்கள்.

படி 7: பலிக்காதவற்றையும் எண்ணுங்கள்

பலித்ததாகச் சொல்லப்படும் ஒன்றைப் படம் காட்டும். பலிக்காத நூறைக் காட்டாது. அதை நீங்கள்தான் எண்ண வேண்டும். ஒரு சிறு பட்டியல்:

1524 பிப்ரவரியில் மீன ராசியில் கோள்கள் கூடுவதால் பெருவெள்ளம் வரும் என்று ஐரோப்பாவில் நூற்றுக்கு மேற்பட்ட பிரசுரங்கள் வந்தன. 1844 அக்டோபர் 22 அன்று உலக முடிவு என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் சீடர்கள் காத்திருந்தார்கள். 1910 மே மாதம் ஹேலி வால்நட்சத்திரத்தின் வால் பூமியைத் தொடும், அதிலுள்ள நச்சு வாயு எல்லோரையும் கொல்லும் என்ற பீதியில் 'வால்நட்சத்திர மாத்திரை' விற்றவர்கள் காசு பார்த்தார்கள். 1962 பிப்ரவரியில் மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் சேர்வதாக இந்தியாவில் பெரும் யாகங்களே நடந்தன. 1982-இல் கோள்கள் சூரியனின் ஒரே பக்கம் திரள்வதால் கலிபோர்னியாவில் பெரும் நிலநடுக்கம் என்றது ஒரு நூல். எழுதியவர்களில் ஒருவரே அதைப் பின்னாளில் கைகழுவினார்.

தேதி கடந்ததும் என்ன நடக்கிறது என்பதுதான் பார்க்கத்தக்கது. யாரும் கடையை மூடுவதில்லை. அமெரிக்க வானொலிப் போதகர் ஹெரால்டு கேம்பிங் 1994 என்றார், பிறகு 2011 மே 21 என்றார், அது போனதும் அக்டோபர் 21 என்றார். நிபிரு என்ற கற்பனைக் கோள் 2003-இல் பூமியில் மோதும் என்றார்கள். அது அப்படியே 2012-க்கு இடம் மாறியது. படங்களும் இதையே செய்கின்றன. 1981-இல் ஆர்சன் வெல்ஸ் தொகுத்து வழங்கிய நாஸ்ட்ரடாமஸ் படத்தை, 1991 வளைகுடாப் போரின்போது வேறு தொகுப்பாளரை வைத்து, அன்றைய செய்திக்கு ஏற்பத் திருத்தி அமெரிக்கத் தொலைக்காட்சி மறுபடியும் ஒளிபரப்பியது.

அண்மைய உதாரணம் ஜப்பானில். ஒரு மாங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியரின் கனவுக் குறிப்பின்படி 2025 ஜூலையில் பேரழிவு என்ற பேச்சு பரவியது. வதந்தி ஜூலை 5 என்று தேதியையே குறித்தது. ஜப்பானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவே கடலடி வெடித்து, 2011-இல் ஜப்பானைத் தாக்கியதைப்போல மூன்று மடங்கு பெரிய சுனாமி எழும் என்பது அதன் உள்ளடக்கம். ஹாங்காங்கிலிருந்து செல்லும் விமானங்கள் குறைக்கப்படும் அளவுக்குப் பயணிகள் பின்வாங்கினார்கள். ஜூலை 5 அமைதியாகப் போனது. ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சாட்காவில் 8.8 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, ஜப்பானிலும் சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 'பார்த்தீர்களா!' என்று கிளம்பினார்கள். வதந்தி குறித்த நாளும் தவறு, இடமும் தவறு, அளவும் தவறு. உலகில் ஆண்டுக்குச் சராசரியாக 15 முறையாவது 7 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் நிலநடுக்கம் வருகிறது. எந்த மாதத்தைக் குறித்தாலும் காக்கை உட்காரப் பனம்பழம் ஒன்று விழத்தான் செய்யும்.

படி 8: உண்மையான எச்சரிக்கையை அடையாளம் காணுங்கள்

எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகச் சிரித்துத் தள்ளுவதும் ஆபத்தே. சிறுகோள், எரிமலை, நோய்த்தொற்று, வெப்பமடையும் பூமி எல்லாம் நிஜமானவை. நிஜமான எச்சரிக்கையின் நடை வேறு. 2024 டிசம்பரில் '2024 ஒய்ஆர்4' என்ற சிறுகோள் கண்டுபிடிக்கப்பட்டது. 2032-இல் அது பூமியில் மோதும் வாய்ப்பு முதலில் 1 சதவீதம் என்றார்கள். 2025 பிப்ரவரியில் 3.1 சதவீதம் வரை உயர்ந்தது; அடுத்த சில நாட்களில் ஏறக்குறைய பூஜ்யமானது. ஒவ்வொரு நாளும் எண் வெளியிடப்பட்டது, எந்த அளவீட்டால் மாறியது என்று சொல்லப்பட்டது, உலகின் பல நாட்டு வானியலாளர்கள் அதே கணக்கைத் தனித்தனியே போட்டுப் பார்த்தார்கள். அபோபிஸ் என்ற சிறுகோளின் கதையும் அப்படியே: 2004-இல் மோதும் வாய்ப்பு 2.7 சதவீதம் என்று அஞ்சப்பட்டது, 2029 ஏப்ரல் 13 அன்று சுமார் 32,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்துபோகும் என்று இன்று துல்லியமாகத் தெரியும்.

தீர்க்கதரிசனப் படத்தில் எண் இருக்காது. இருந்தாலும் புதிய தகவலால் குறையவே குறையாது. தவிர, படத்தின் முடிவில் என்ன விற்கப்படுகிறது என்றும் பாருங்கள். நூலா, பதுங்கறையா, உலர் உணவா, அடுத்த பாகத்துக்கான சந்தாவா?

படி 9: வீட்டில் ஒருவர் பயந்திருந்தால்

2012-க்கு முந்தைய ஆண்டுகளில் நாசாவின் வானியலாளர் டேவிட் மாரிசனுக்குப் பொதுமக்களிடமிருந்து ஆயிரக்கணக்கில் கேள்விகள் வந்தன. உலகம் அழிவதற்கு முன் உயிரை விட்டுவிடலாமா என்று கேட்ட இளையவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆகவே கேலியை நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பயந்தவரிடம் 'இதையெல்லாமா நம்புகிறாய்' என்று தொடங்கினால், அவர் பயத்தை விடமாட்டார், உங்களிடம் சொல்வதை விட்டுவிடுவார்.

முதலில் எந்தக் காட்சி அல்லது எந்த வரி பயமுறுத்தியது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் மேலே உள்ள படிகளில் பொருத்தமானதைச் சேர்ந்து செய்யுங்கள். விடையை நீங்கள் சொல்லாமல், அவரையே தேடவிடுங்கள். குழந்தையாக இருந்தால் வெள்ளிக் கோளின் கணக்கு நன்றாக வேலை செய்யும், ஏனெனில் விடையை அவர்களே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு பயந்தவருடைய யூடியூப் கணக்கில் தானியங்கி ஓட்டத்தை அணைத்து, பார்த்த வரலாற்றிலிருந்து அந்தப் படங்களை நீக்குங்கள். இல்லாவிட்டால் நாளைக் காலையில் இதே ரகத்தில் இன்னும் ஆறு பரிந்துரைக்கப்படும். தூக்கமோ சாப்பாடோ கெடும் அளவுக்குப் பயம் நீடித்தால், மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அழைத்துச் செல்லுங்கள். உயிரை விடுவது பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

குறிப்பிட்ட தேதி ஒன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தால், அதற்கு அடுத்த வாரத்துக்கு இருவருமாக ஏதாவது ஒன்றை இப்போதே முன்பதிவு செய்யுங்கள். பல் மருத்துவரிடம் நேரம் வாங்கினாலும் சரி.